ஊரை எழுப்பினவன் நித்திரை கொண்ட கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சுகமாகிவிட்டேன். வாசிக்கிறவர்கள் முடிவு என்னவோ ஏதோவென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை. சாரதியாக வான் ஓடுகிறேன். இரவில் நித்திரை கொள்ளுகிறேன். மனிசியிடம் பேச்சு வாங்குவதும் குறைந்திருக்கிறது. முற்றாக நின்றுவிட்டது என்று எழுதினால் அவ வாசித்துவிட்டுச் சிரிப்பா.

பிறகேன் எழுதுகிறாய் என்றால், என்னைப்போல ஆட்கள் இந்தக் கரையில் இன்னும் இருக்கிறார்கள். மீன் சந்தையில் நிற்கும்போது ஒருவர் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போவார். "அண்ணை, உங்களுக்கு வந்தது என்ன வருத்தம்? எங்கட வீட்டிலயும் ஒராள் அப்பிடித்தான்" என்பார். அவருக்கு எல்லாம் விளக்கமாகச் சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் நான் சொல்லி முடிக்கிறதுக்குள் அவர் வாங்கின மீன் பழுதாகிவிடும். எழுதிவிட்டால் அவரவர் ஆறுதலாக வாசிக்கலாம்.

என் பெயர் சூசை. ஊர் மன்னார்த் தீவில் இருக்கிற கீரி. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. நினைவு தெரிந்த நாளிலிருந்து எனக்கு இரவில் நித்திரை இல்லை. வராது என்று இல்லை, வரும். வெள்ளாப்பில் வரும். ஊர் எழும்புகிற நேரம் பார்த்து, மூட்டையைத் தூக்கித் தலையில் போட்டமாதிரி வரும். அதுவரைக்கும் தலைக்குள் ஒரு மீன் சந்தை நடக்கும். ஒருத்தன் விலை கூறுவான், இன்னொருத்தன் ஐஸ் உடைப்பான், மூன்றாவது ஆள் போன வருசம் யாரோ சொன்ன ஒரு சொல்லைத் தூக்கிக்கொண்டு வந்து "இதுக்கு நீ என்ன பதில் சொல்லியிருக்கவேணும் தெரியுமோ?" என்று கேட்பான். காலும் சும்மா கிடக்காது. படுக்கையில் கிடந்து சைக்கிள் மிதிக்கும். ஜெசிந்தா, அதுதான் என் மனிசி, கலியாணம் கட்டின புதிதில் சொன்னா: "உங்களோட படுக்கிறது எஞ்சின் பூட்டின வள்ளத்தில படுக்கிறமாதிரிக் கிடக்கு."

இதை ஒருவரும் வருத்தம் என்று நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. ஊருக்கு இது பெரிய உதவியாகப் போய்விட்டது. கீரியில் கடலுக்குப் போகிறவர்கள் இருட்டோடு வெளிக்கிடவேணும். அவர்களுக்கு எழும்புவது கஷ்டம், எனக்குப் படுப்பது கஷ்டம். அப்படியே பொருத்தம் சரிவந்துவிட்டது. "சூசை முழிச்சுத்தான் இருப்பான், அவனிட்டச் சொல்லிப்போட்டுப் படு" என்பது எங்கள் ஒழுங்கையில் ஒரு பேச்சு. நான் ஒவ்வொரு வீட்டுப் படலையாகத் தட்டிக்கொண்டு போவேன். எல்லாரிடமும் போன் இருக்கிறது, அதில் அலாரம் இருக்கிறது. ஒருநாள் பெனடிற்றிடம் கேட்டேன், அவன் என்னோடு படித்தவன், இரண்டு வீடு தள்ளி இருக்கிறான். "போன் எதுக்கு வைச்சிருக்கிறாய்?" என்றேன்.

"போன் அடிச்சா நிப்பாட்டிப்போட்டுத் திரும்பப் படுக்கலாம். உன்னை நிப்பாட்ட ஏலாது. நீ படலையில நிண்டு கதைச்சுக்கொண்டே நிப்பாய். அதைக் கேக்கிறதைவிடக் கடலுக்குப் போகலாம்."

செத்த வீடு என்றாலும் என்னைத்தான் தேடுவார்கள். விடியும்வரைக்கும் பிரேதத்தோடு இருக்கவேணும், இருக்கிறவர்கள் கண்ணயராமல் ஒருவர் கதை கொடுக்கவேணும். சூசை இருந்தால் போதும். எனக்கும் அது பெருமைதான். ஆளுக்கொரு பட்டம் ஊரில் உண்டு, என்னுடைய பட்டம் 'ராக்காவல்'.

ஜெசிந்தா மட்டும் சொல்லுவா: "ஊரையெல்லாம் எழுப்பிறியள். உங்களை எழுப்பத்தான் எனக்கு நாலு ஆள் தேவையாக் கிடக்கு."

அவ சொன்னதில் பிழையில்லை. ஏனென்றால் என்னுடைய தொழில் விடியத்தான் தொடங்கும். ரீச்சர்மாரை ஏற்றுகிற வான். மன்னார் ரவுனிலும் தீவுப் பக்கத்திலும் இருந்து, பாலத்தால் ஏறி, முருங்கன் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, பின்னேரம் திருப்பிக் கூட்டிக்கொண்டு வருவேன். ஒன்றிரண்டு மணித்தியாலம் படுத்த கண்ணோடு ஸ்ரேறிங்கைப் பிடிப்பேன். முகத்தில் ஐஸ் தண்ணி அடிப்பேன், சாயம் கறுத்த பிளேன்ரீயைக் குடிப்பேன், பிறகு கதைக்கத் தொடங்குவேன். கதைத்துக்கொண்டிருந்தால் கண் மூடாது என்று நம்பியிருந்தேன்.

அந்த நம்பிக்கை ஒரு காலையில் போனது.

பாலம் தாண்டி நேர் ரோட்டு. இரண்டு பக்கமும் சேற்று நிலம், கொக்குகள். எனக்குப் பக்கத்துச் சீற்றில் பிலோமினா ரீச்சர், ஓய்வு எடுக்கப்போகிற வயது, எதையும் நேரே சொல்லுகிற ஆள். நான் அவவுக்கு ஒரு பகிடி சொல்லிக்கொண்டு வந்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அடுத்ததாகத் தெரிந்தது, ஸ்ரேறிங்கில் என் கைக்கு மேலே அவவின் கை. வான் ரோட்டை விட்டு இறங்கி, முன் சில்லு சேற்றுக்குள் போய், சரிந்து நின்றது. பின்னாலே ஒரே சத்தம். ஒருவருக்கும் காயமில்லை. சாப்பாட்டுப் பெட்டிகள் கவிழ்ந்து வானெல்லாம் பருப்பு. கடவுள் காத்தார் என்று எல்லாரும் சிலுவை போட்டார்கள்.

பிலோமினா ரீச்சர் இறங்கி, சேலையில் இருந்த சேற்றைத் தட்டிவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னா: "சூசை, நீங்கள் கதைச்சுக்கொண்டிருக்கேக்கையே நித்திரையாப் போனீங்கள். சொல்லின்ர முன்பாதி வந்தது, பின்பாதி வரேல்லை."

அன்றைக்கே என்னை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே எனக்கு நடந்ததைச் சொல்லத் தெரியவில்லை. "திடீரெண்டு இருண்டுபோச்சு, ஒண்டும் தெரியாது" என்றேன். அப்படிச் சொன்னால் டொக்டர்மார் சும்மா விடமாட்டார்கள். இருதயமாக இருக்கலாம், வலிப்பாக இருக்கலாம் என்று வார்ட்டில் மறித்துவிட்டார்கள்.

வலிப்பு இருக்கிறவனிடம் ஒருவரும் வானைக் கொடுக்கமாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. வான் இல்லாவிட்டால் நான் யார் என்று யோசித்துப் பார்த்தேன். படிப்பைப் பாதியில் விட்டவன், கடல் ஒத்துவரவில்லை, கடை ஒன்று போட்டேன், கடையைத் திறந்துபோட்டு எங்கேயாவது கதைத்துக்கொண்டு நிற்பேன். நான் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை இந்த வான். ஆனால் அந்த ரீச்சர்மாருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கட்டில் பக்கத்தில் இருந்த ஜெசிந்தாவிடம் சொன்னேன்: "டொக்டர் ஒராள் வாய் திறந்து 'ஓடலாம்' எண்டு சொல்லுமட்டும் நான் ஸ்ரேறிங்கில கை வைக்கமாட்டன்."

அவ தோடம்பழத்தை உரித்து ஒவ்வொரு சுளையாக என் கையில் வைத்துக்கொண்டிருந்தா.

சோதனைகளைப் பற்றிச் சொல்லவேணும், ஏனென்றால் பேர் தெரியாததால்தான் சனம் பயப்படுகிறது. நெஞ்சில் வயர் ஒட்டி இருதயத்தின் ஓட்டத்தைக் கடதாசியில் கீறுவார்கள், நோகாது. தலையில் பசை பூசி வயர் ஒட்டி மூளையின் ஓட்டத்தைப் பார்ப்பார்கள், அதுவும் நோகாது, பசையைக் கழுவுகிறதுதான் பெரிய வேலை. இரத்தத்தில் சீனி, தைரொயிட், இரும்புச்சத்து எல்லாம் பார்த்தார்கள். ஓர் இரவு விரலில் ஒரு கிளிப்பைப் பூட்டி விட்டார்கள். நித்திரையில் மூச்சு நின்று நின்று வருகிற வருத்தம் ஒன்று இருக்கிறதாம், குறட்டைக்காரருக்கு வருவது. அது இருக்கிறதோ என்று பார்க்க. எனக்குக் கிளிப் பூட்டின நேர்ஸ் விடிய வந்து கேட்டா, "அண்ணை, நீங்கள் நித்திரை கொண்டாத்தானே இது வேலை செய்யும்?" என்று. அடுத்த இரவும் பூட்டவேண்டி வந்தது.

வார்ட்டில் எனக்குப் பக்கத்துக் கட்டில் கந்தையா ஐயா. முருங்கன் பக்கத்து வயல்காரர், எலிக்காய்ச்சல் வந்து படுத்திருந்தார். அவருடைய மகன் பகல் முழுக்க ஓடித்திரிந்து களைத்துப்போய், முதல் இரவே என்னிடம் கேட்டான்: "அண்ணை, நீங்கள் முழிச்சுத்தானே இருக்கிறியள். அப்பான்ர சேலைன் போத்தல் முடியேக்க நேர்ஸிட்ட ஒருக்கால் சொல்லிவிடுவியளோ? நான் கொஞ்சம் சரியப்போறன்."

அதுக்கென்ன என்றேன். அடுத்த இரவு எதிர்க்கட்டில்காரரும் கேட்டார். அதுக்கடுத்த இரவு அந்த வரிசையில் இருந்த போத்தல் எல்லாம் என் பொறுப்பு. துணைக்கு நிற்க வந்தவர்கள் எல்லாரும் கட்டிலுக்குக் கீழே பாயை விரித்துச் சுகமாகப் படுத்துவிட்டார்கள், நோயாளி நான் எழும்பி நடந்து போத்தல் பார்த்துக்கொண்டு திரிந்தேன். ஆசுபத்திரிக்கு வந்தும் ராக்காவல்தான். கந்தையா ஐயா காய்ச்சலுக்குள்ளேயும் சிரித்தார்: "தம்பி, எனக்குக் குணமானா உம்மை வயலுக்குக் கூட்டிக்கொண்டு போறன். பன்றி ஒண்டும் கிட்ட வராது. நீர் கதைச்சே கலைச்சுப்போடுவீர்."

விடிய டொக்டர்மார் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வருகிற நேரம் நான் அடித்துப்போட்ட மாதிரிக் கிடப்பேன். மூன்று நாளாக இப்படி. மூன்றாம் நாள் வார்ட்டுக்குப் பொறுப்பான லேடி டொக்டர் கட்டில் காலடியில் நின்று கேட்டிருக்கிறா: "இவர் ஏன் நான் வாற நேரமெல்லாம் நித்திரை?"

கந்தையா ஐயாதான் பதில் சொன்னாராம். "பிள்ளை, அவரைக் குறை சொல்லாதேங்கோ. இரவிரவா எங்களுக்கெல்லாம் அவர்தான் காவல். இப்பதான் கண்ணை மூடினவர்."

டொக்டர் என்னைத் தட்டி எழுப்பினா. எழுப்ப நேரம் எடுத்ததாம். "சூசை, நீங்கள் இப்படி இரவில முழிச்சிருக்கிறது எவ்வளவு காலமா?"

"எப்ப பிறந்தனோ அப்ப இருந்து, டொக்டர்."

அவ மற்ற டொக்டர்மாரைத் திரும்பிப் பார்த்தா. இருதயத்திலும் பிழையில்லை, மூளை ஓட்டத்திலும் பிழையில்லை, மூச்சும் நிற்கவில்லை, இரும்புச்சத்து மட்டும் குறைவு. "உங்களுக்கு வலிப்பு இல்லை. நீங்கள் வானில மயங்கேல்லை, நித்திரையாப் போயிருக்கிறீங்கள். ஏன் இரவில நித்திரை வரேல்லை எண்டதைத்தான் இனிப் பாக்கவேணும்" என்றா. மனநலக் கிளினிக்குக்கு அனுப்பினா.

வலிப்பு இல்லை என்றதும் எனக்குச் சந்தோசம். கிளினிக்கின் பேரைக் கேட்டதும் ஜெசிந்தாவுக்கு முகம் விழுந்துவிட்டது. வீட்டுக்கு வருகிற வழியில், ஓட்டோவுக்குள், குரலைத் தணித்துச் சொன்னா: "இஞ்சேருங்கோ, அந்தப் பக்கம் போனா சனம் என்ன கதைக்கும்? பைத்தியக்காரன்ர வானில ரீச்சர்மார் ஏறுவினமோ எண்டு கேப்பினம்."

"சனம் கதைக்க முதல் நான் கதைக்கிறன்" என்றேன்.

அதைச் செய்தேன். கோயில் முற்றத்தில், மீன் சந்தையில், பஸ் ஸ்ராண்டில், கண்ட எல்லாரிடமும் நானே சொன்னேன்: "எனக்குத் தலைக்குள்ள சந்தை நடக்குது, அதை மூடுறதுக்கு மனநலக் கிளினிக்குக்குப் போறன். கிழமைக் கடைசியில வந்து என்ன சொன்னவை எண்டு சொல்லுறன்." ஒளித்து வைக்கிறதைத்தான் சனம் தோண்டும். கையில் எடுத்துக் காட்டினால் பார்த்துவிட்டுப் போய்விடும். மீன் விற்கிற ஓர் அம்மா மட்டும் கேட்டா: "தம்பி, அந்த டொக்டர் மனிசரை வாய் மூடப்பண்ணவும் மருந்து குடுப்பாவோ?"

கிளினிக்கில் இருந்த டொக்டர் மட்டக்களப்புப் பக்கத்துப் பிள்ளை. இளம் ஆள், ஆனால் அவசரமில்லை. நித்திரையைப் பற்றிக் கேட்பா என்று நான் போனால், அவ மற்றதெல்லாம் கேட்டா. சாமானை எங்கே வைத்தோம் என்று தேடுவதுண்டோ? ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றைத் தொடங்குவதுண்டோ? மற்றவர் கதைத்து முடிய முதல் நீங்கள் கதைப்பதுண்டோ? அந்தக் கேள்வியை அவ முடிக்க முதலே நான் "ஓம்" என்றேன். ஜெசிந்தா மேசையைப் பார்த்துச் சிரித்தா.

சின்ன வயதில் என்னைத் தெரிந்த ஒருவரோடு கதைக்கவேணும் என்றா டொக்டர். அம்மா இல்லை. என்னை வளர்த்தது அக்கா, பேசாலையில் கலியாணம் முடித்து இருக்கிறா. அடுத்த முறை அக்கா வந்தா, ஒரு பெட்டி பொரித்த மீனோடு. டொக்டர் வேண்டாம் என்று சொன்னதும் அந்தப் பெட்டி வெளியே வரிசையில் இருந்த சனத்துக்குப் போனது.

"இவனைத் தேங்காய் வாங்க அனுப்பினனான், டொக்டர்" என்று அக்கா தொடங்கினா. "ஒரு தேங்காய். போனவன் மத்தியானமாகியும் இல்லை. பிறகு வாறான், உடம்பெல்லாம் மண். கரையில ஆரோ வள்ளம் தள்ள ஆள் காணாமல் நிண்டதாம், தள்ளிக் குடுத்தவனாம். பிறகு வலையில சிக்கின ஆமையைப் பாத்தவனாம். 'தேங்காய் எங்கயடா?' எண்டு கேட்டா, 'என்ன தேங்காய்?' எண்டு என்னைக் கேக்கிறான். ஞானோபதேச வகுப்பில சிஸ்டர் சொல்லுவா, 'சூசையின்ர உடம்பு வருது, ஆளைக் காணேல்லை' எண்டு. ஆனா டொக்டர், நல்ல பிள்ளை. ஒருநாளும் பொய் சொன்னதில்லை. பொய் சொல்லுறதுக்கு நடந்தது ஞாபகம் இருக்கவேணுமே."

டொக்டர் சிரித்து முடித்து, எனக்கு விளக்கம் சொன்னா. நான் விளங்கிக்கொண்ட மாதிரி எழுதுகிறேன்.

இதுக்குப் பேர் கவனக்குறைபாடு. சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று சனம் நினைக்கிறது, வளர்ந்தவர்களுக்கும் இருக்கிறது. கவனமே இல்லாத வருத்தம் என்று நினைக்கக்கூடாது. கவனம் நிறைய உண்டு, அதைக் கட்டி வைக்கிற கயிறுதான் தளர்வு. நாம் சொல்லுகிற இடத்தில் நிற்காமல் அது தனக்குப் பிடித்த இடத்தில் போய் நிற்கும். புத்தியோடும் நல்ல குணத்தோடும் இதுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. இந்தக் குறைபாடு உள்ள நிறையப் பேருக்கு நித்திரையும் பிந்தும். இரவு வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்லுகிற ஒரு சுரப்பு எல்லாருக்கும் பொழுதுபட்டுக் கொஞ்ச நேரத்தில் சுரக்கும், எங்களைப் போன்றவர்களுக்குச் சாமம் தாண்டித்தான் சுரக்கும். கால் உதறுகிறதுக்கு இரும்புச்சத்துக் குறைவும் ஒரு காரணம்.

"அப்ப நான் சோம்பேறி இல்லையோ, டொக்டர்?" என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

"இரவு முழுக்க முழிச்சிருந்து பகல் முழுக்க உழைக்கிறவரை ஆர் சோம்பேறி எண்டது?" என்றா அவ.

ஜெசிந்தா என் முதுகில் கையை வைத்தா. வெளியே வந்து, வேப்பமரத்துக்குக் கீழே, பொறுப்பில்லாதவன், அலைச்சல்காரன், வாய்க்காரன் என்று இவ்வளவு காலமும் எனக்குப் போட்ட பட்டங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அக்கா அழுதா. "எனக்குத் தெரிஞ்சிருந்தா அந்தத் தேங்காய்க்கு அடிச்சிருக்கமாட்டனே" என்றா.

பிறகுதான் வேலை தொடங்கியது. ஒவ்வொரு நாளும், ஞாயிற்றுக்கிழமையும்கூட, ஒரே நேரத்துக்கு எழும்பவேணும். எழும்பின உடனே வெளியில் போய் வெயிலில் நிற்கவேணும், வெயில் கண்ணில் பட்டால்தான் உள்ளே இருக்கிற மணிக்கூடு திருந்துமாம். மத்தியானத்துக்குப் பிறகு தேத்தண்ணி கிடையாது. போன் வேறு அறையில் இருக்கவேணும். பொழுதுபட ஒரு சின்னக் குளிசை, மெலரோனின் என்று பேர், அது அந்தப் பிந்துகிற சுரப்பை முந்தி வரச்சொல்லிக் கூப்பிடுகிற ஆள். காலையில் ஒரு குளிசை கவனத்துக்கு, அதைத் தர முதல் இருதயத்தையும் பிரஷரையும் திரும்பப் பார்த்தார்கள். இதெல்லாம் எனக்குத் தந்த மருந்து. வாசித்துவிட்டுப் பார்மசிக்கு ஓடாதேங்கோ, டொக்டரிடம் போங்கோ.

கடைசியாக டொக்டர் சொன்னா: "ஊரை எழுப்புற வேலையை விடவேணும்."

"டொக்டர், அவங்கள் எழும்பமாட்டாங்கள்."

"அவை எழும்பினாலும் எழும்பாட்டிலும் கடல் அங்கதான் கிடக்கும்."

பெனடிற்றிடமும் மற்றவர்களிடமும் கரையில் வைத்துச் சொன்னேன். பெனடிற் சொன்னான்: "சரி. இவ்வளவு காலமும் உன்ர வருத்தத்தில நாங்கள் மீன் பிடிச்சிருக்கிறம். இனி எங்கட பாடு." அடுத்த கிழமை இரண்டு வள்ளம் பிந்தித்தான் போனது. அதுக்குப் பிறகு சரிவந்துவிட்டது. ஜெசிந்தா சொல்லித்தான் எனக்கு மற்றது தெரியும்: இருட்டோடு கரைக்குப் போகிறவர்கள் எங்கள் வேலிக்குக் கிட்ட வந்ததும் கதையை நிறுத்திவிடுவார்களாம். மோட்டார் சைக்கிளையும் தள்ளிக்கொண்டுதான் போவார்களாம். எங்கள் ஊர்ச் சனம் கோயிலுக்குள்ளேயே அப்படி வாய் மூடினதில்லை.

அந்தக் காலத்தில் வானை ஓடினது ஜெசிந்தாவின் தம்பி ரெஜி. கவனமான பிள்ளை, கொஞ்சம் மிச்சம் கவனம். "ரெஜி தம்பி ஓடினா ரவுனுக்குள்ள கழுதையும் எங்களை முந்திக்கொண்டு போகுது" என்று பிலோமினா ரீச்சர் போனில் முறைப்பாடு. "எப்ப வாறீங்கள்?" என்று கேட்பா. டொக்டர் சொல்லட்டும் ரீச்சர் என்பேன்.

நான் பட்ட பாட்டை மறைக்கவில்லை. முதல் கிழமைகளில் விடிய எழும்புவது சவம் எழும்புகிற மாதிரி. ஜெசிந்தா ஒரு பக்கம், ரெஜி ஒரு பக்கம் பிடித்து முற்றத்தில் கதிரையில் இருத்துவார்கள், நான் வெயிலில் கிடந்து வாடுவேன். ஒருநாள் காலைக் குளிசையை மறந்துபோய், பின்னேரம் ஞாபகம் வந்து, நல்ல பிள்ளையாக எடுத்து விழுங்கிவிட்டேன். அன்று இரவு சந்தை மட்டுமில்லை, திருவிழாவே நடந்தது. டொக்டரிடம் சொன்னேன். மறந்தால் மறந்ததுதான், பிந்தி எடுக்கவேண்டாம் என்றா. அதுக்குப் பிறகு ஜெசிந்தா குளிசையை அந்தோனியார் சுரூபத்தின் காலடியில், ஒரு தம்ளர் தண்ணியோடு வைக்கத் தொடங்கினா. விடிய நான் எதை மறந்தாலும் அந்தோனியாருக்கு முன்னால் நிற்க மறப்பதில்லை.

கொஞ்சம் கொஞ்சமாக நித்திரை முன்னுக்கு வந்தது. வெள்ளாப்பிலிருந்து சாமத்துக்கு, பிறகு இன்னும் முன். ஒருநாள் படுத்தேன், கண்ணை மூடினேன், திறந்தேன், காகம் கரைந்தது. இடையில் ஒன்றும் இல்லை. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. "இஞ்ச, நான் மயங்கினனானோ?" என்று ஜெசிந்தாவை எழுப்பிக் கேட்டேன்.

"இல்லையப்பா. அதுதான் நித்திரை. நாங்கள் எல்லாரும் அப்பிடித்தான் கொள்ளுறனாங்கள்" என்றா.

நான் வான் ஓடலாமோ என்று கிளினிக்கில் முடிவு சொல்லுகிற நாளுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது பெனடிற்றின் அப்பா செத்துப்போனார். நல்ல மனிசன். என்னைத் தன் பிள்ளை மாதிரிப் பார்த்தவர். நான் போய் வேலை செய்தேன், கதிரை இறக்கினேன், பந்தல் கட்டினேன், செபமாலை சொன்னோம். பத்து மணியானதும் எனக்குப் படுக்கிற நேரம் வந்துவிட்டது. அந்த வாசலில் இருந்து எழும்பி வீட்டுக்குப் போகிறது எங்கள் ஊரில் லேசான காரியமில்லை. செத்த வீட்டில் பாதியில் எழும்புகிறவனை ஊர் மறக்காது. அதுவும் ராக்காவல். இருந்தால் வந்த நித்திரை திரும்பப் போய்விடும் என்று எனக்குத் தெரியும். டொக்டரும் சொல்லியிருந்தா, ஓர் இரவு உடைந்தால் கட்டினதெல்லாம் சரியுமென்று.

எழும்பினேன். பந்தலுக்குள் ஒரு கிழவர் கேட்டார்: "என்ன, சூசை எங்க வெளிக்கிடுறாய்?"

"படுக்கப் போறன், பெரியப்பா."

பந்தலில் இருந்த எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஒரு பகிடியும் சொல்லவில்லை. அப்போது பெனடிற் உள்ளேயிருந்து வந்தான். கண் சிவந்திருந்தது. எல்லாருக்கும் கேட்கச் சொன்னான்: "அவன் போகட்டும். அப்பாவைக் கடலுக்குப் போக அவன்தான் இருவது வருசமா எழுப்பினவன். இண்டைக்கு அப்பாவை எழுப்பத் தேவையில்லை." பிறகு என் தோளில் கையைப் போட்டுப் படலைவரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து விட்டான்.

நான் போய்ப் படுத்தேன். அழுதேன், பிறகு நித்திரை கொண்டேன். வெள்ளாப்பில் ஒரு பெரிய கேத்தல் தேத்தண்ணியோடு அந்தப் பந்தலுக்குள் திரும்பப் போனேன். இரவு இருந்தவர்கள் எல்லாரும் வாடிப்போய் இருந்தார்கள். "நீங்கள் போய்ச் சரியுங்கோ, பகல் என்ர" என்றேன். குழி வெட்டச் சேமக்காலைக்கு ஆள் அனுப்பினது, பாதருக்குச் சொன்னது, தூரத்திலிருந்து வந்தவர்களுக்கு இடம் காட்டினது எல்லாம் நான். ஒன்றையும் மறக்கவில்லை. அந்தக் கிழவர் பின்னேரம் சேமக்காலையில் என் பக்கத்தில் வந்து நின்று, "பகலிலயும் நீ உதவுவாய்தான்" என்றார்.

கிளினிக்கில் டொக்டர் எல்லாம் கேட்டா, ஜெசிந்தாவிடம் தனியாகவும் கேட்டா. வார்ட் டொக்டரோடும் கதைத்தா. கடைசியில் சொன்னா: "ஓடலாம். முதல் மாதம் பக்கத்தில இன்னொரு சாரதி இருக்கவேணும். கண் பாரமாக் கிடந்தா அந்த இடத்திலயே நிப்பாட்டவேணும், வெக்கப்படக்கூடாது." நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "என்னை ஏன் கும்பிடுறீங்கள்? நித்திரை கொண்டது நீங்கள்" என்றா.

முதல் நாள் ரெஜி பக்கத்தில் இருந்தான். அன்றைக்கு வானில் இருந்த மாதிரி ஒரு சத்தம் நான் கேட்டதில்லை. நான் கண்ணயர்ந்துவிடுவேன் என்ற பயத்தில் ரீச்சர்மார் எல்லாரும் என்னைக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார்கள். "சூசை அண்ணை, உங்கட கடைசி மகள் எத்தினையாம் வகுப்பு?" "சூசை அண்ணை, வாய்ப்பாடு தெரியுமோ, பதினேழாம் வாய்ப்பாடு சொல்லுங்கோ பாப்பம்." கணக்கு ரீச்சர் உண்மையாகவே சொல்லச் சொல்லிக் கேட்டா. பாலம் வந்ததும் பிலோமினா ரீச்சர் செபமாலையை எடுத்து உரத்துச் சொல்லத் தொடங்கினா. என் கண்ணில் ஒரு துளி நித்திரை இல்லை. ஆனாலும் நான் பதில் சொன்னேன், செபமும் சொன்னேன். பயப்படுகிறதுக்கு அவர்களுக்கு உரிமை உண்டு.

கிழமைகள் போனது. ரெஜி தன் வேலைக்குத் திரும்பிப் போனான். கேள்விகள் குறைந்தது, செபமாலை பைக்குள் போனது.

பிறகு ஒருநாள். மழை பெய்து ஓய்ந்த காலை, பாலத்தில் நல்ல காற்று. நான் வழமைபோல ஏதோ ஒரு கதையைத் தொடங்கி, நல்ல கட்டத்துக்குக் கொண்டுவந்து, "அப்ப அவன் என்ன சொன்னவன் தெரியுமோ ரீச்சர்?" என்று கேட்டேன். பதில் இல்லை. திரும்பிப் பார்த்தேன். பிலோமினா ரீச்சரின் தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது, வாய் கொஞ்சம் திறந்திருந்தது. பின்னாலே பார்க்கிற கண்ணாடியில் பார்த்தேன். கணக்கு ரீச்சர், சங்கீத ரீச்சர், எல்லாருமே. ஒருவரின் தோளில் ஒருவர் சாய்ந்து, நல்ல நித்திரை.

கதையின் மிச்சம் தொண்டைவரைக்கும் வந்து நின்றது. விழுங்கிவிட்டேன். முருங்கன் சந்தி வரும்வரைக்கும் நான் ஒரு சொல் கதைக்கவில்லை.